பாப் பங்க் சிங்கிள்: எழுதுவதிலிருந்து வெளியிடுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பாப் பங்க் கேட்பதற்கு அலட்சியமாக இருக்கும். நாலு பேர் ஒரு கராஜுக்குள் நின்று, சிரித்துக்கொண்டே, ஒரே மூச்சில் வாசித்து முடித்த மாதிரி. அதையே நாம் பதிவு செய்ய உட்காரும்போதுதான் அந்த அலட்சியத்துக்கு அடியில் எவ்வளவு கறார் இருக்கிறது என்று புரியும். இரண்டு கிட்டாரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், டிரம்ஸ் ஓட வேண்டும் ஆனால் தடுமாறக் கூடாது, பாடகர் கத்த வேண்டும் ஆனால் சுருதி விலகக் கூடாது.

வேகமும் மெட்டும் சேர்ந்த இந்த இசைக்கு 1970களில் நியூயார்க்கின் ராமோன்ஸும் இங்கிலாந்தின் பஸ்காக்ஸும் வழி போட்டார்கள். 1990களில் கலிஃபோர்னியா அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வேலையைத் தொடங்கும் முன் இரண்டு ஆல்பங்களை ஹெட்ஃபோனில் கேளுங்கள்: கிரீன் டேயின் ‘டூக்கி’ (1994), பிளிங்க்-182வின் ‘எனிமா ஆஃப் தி ஸ்டேட்’ (1999). இரண்டிலும் ஜெரி ஃபின் என்பவரின் கை இருக்கிறது. முதலாவதின் மிக்ஸிங்கில் (தனித்தனியாகப் பதிவானவற்றை அளவாகச் சேர்க்கும் வேலை) பங்கெடுத்தவர், இரண்டாவதின் தயாரிப்பாளர். ரசிகராகக் கேட்க வேண்டாம். இடது காதில் என்ன, வலது காதில் என்ன, பேஸ் கிட்டார் தனியாகக் கேட்கிறதா, குரல் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

என் கணக்கில் ஒரு சிங்கிளின், அதாவது தனியாக வெளியிடும் ஒற்றைப் பாட்டின், தலைவிதி ஸ்டுடியோவுக்குள் நுழையும் முன்பே முக்கால்வாசி முடிவாகிவிடும். அதனால் கீழே மைக், பிளக்-இன் (கணினியில் ஒலியை மாற்றும் மென்பொருள்) பற்றிப் பேசுவதைவிட அதற்கு முந்தைய வேலைகளைப் பற்றி அதிகம் பேசியிருக்கிறேன்.

கோரஸை முதலில் எழுதுங்கள்

ஜி, டி, இ மைனர், சி. இந்த நாலு கார்டில் (சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பாட்டு இருக்கிறது, இன்னொன்று வந்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். கார்டு வரிசை பொதுச்சொத்து மாதிரி, மெட்டு அப்படியல்ல. அதனால் புதுமை தேடுவதாக இருந்தால் மெட்டில் தேடுங்கள்.

கோரஸ், அதாவது திரும்பத் திரும்ப வரும் பகுதி, தேறுமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வெறுங்குரலில் பாடுங்கள். அப்போதும் கூட ஒருவர் முணுமுணுக்கத் தொடங்கினால் சரி. டிஸ்டார்ஷன் (கிட்டாரின் கரகரப்பு) இல்லாமல் நிற்காத மெட்டு, டிஸ்டார்ஷனோடும் நிற்காது.

நீளம் இரண்டரை நிமிடத்திலிருந்து மூன்றேகால் நிமிடத்துக்குள் இருக்கட்டும். முதல் கோரஸ் 45 வினாடிக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு, முன்னிசை நாலு பார் (தாளச் சுற்று) அல்லது எட்டு பார் போதும். பிறகு சரணம், கோரஸ், முதலாவதைவிடப் பாதியாகக் குறுகிய இரண்டாம் சரணம், மறுபடி கோரஸ், பிரிட்ஜ் (மாறுதலுக்காக ஒரே ஒருமுறை வரும் பகுதி), கடைசியாக இரட்டைக் கோரஸ். பிரிட்ஜில் எல்லாவற்றையும் இறக்குங்கள்: டிரம்ஸ் நின்றுபோகட்டும், ஒரே ஒரு கிட்டார், குரல் கிட்டத்தட்ட பேசுகிற மாதிரி. அந்த அமைதி இருந்தால்தான் கடைசிக் கோரஸ் மோதும்.

வரிகளில் இந்த இசைக்கு என்று சில பழைய விஷயங்கள் உண்டு. ஊரைவிட்டு ஓட நினைப்பது, விட்டுப்போன காதலி, இருபது வயதுக்கு மேலும் வளராத நண்பர்கள், தன்னையே கிண்டல் செய்வது. எதையும் பொதுவாகச் சொல்லாதீர்கள். ‘நீண்ட பயணம்’ என்பதைவிட ஒரு பஸ்ஸின் ரூட் நம்பர் மேல். சோகத்தைக்கூட கொஞ்சம் அசட்டுத்தனத்தோடு சொல்வதுதான் இதன் அழகு.

தமிழில் எழுதுவதாக இருந்தால் ஒரு கூடுதல் கவனம். நிமிடத்துக்கு 180 அடி வேகத்தில் ஒரு வினாடிக்கு ஆறு எட்டாம் சுரங்கள் ஓடும். சரணத்தில் குறில் எழுத்துகள் நிறைந்த வரிகள் அந்த வேகத்தில் கடகடவென்று அழகாக உருளும். கோரஸ் வரி முடியும் இடம் வேறு கதை. ‘போச்சு’, ‘வந்து’ என்று குற்றியலுகரத்தில் முடித்தால் பாடகரால் அங்கே இழுத்து நிற்க முடியாது, வாய் மூடிவிடும். ‘வா’, ‘போ’, ‘தானே’ போல நெடிலில் முடித்தால் வாய் திறந்திருக்கும், கூட்டமும் சேர்ந்து கத்தும். உங்கள் கோரஸின் கடைசி எழுத்துகளை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிடும்.

வேகமும் சுருதியும்

பெரும்பாலும் 150க்கும் 200க்கும் இடையில்தான் இந்தப் பாட்டுகள் ஓடும். உங்கள் பாட்டை மூன்று வேகத்தில் வாசித்து ஃபோனில் பதிவு செய்யுங்கள்: 165, 175, 185 என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே முடிவெடுக்க வேண்டாம். ஒத்திகை அறையில் எப்போதும் வேகமானதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். மறுநாள் காலையில் கேட்டால் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டிருக்கும். பாடகருக்கு மூச்சு விட இடமில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். கோரஸில் மட்டும் இரண்டு மூன்று அடி கூட்டி வைப்பது பலர் செய்வது. கேட்பவருக்கு வேகம் மாறியது தெரியாது, வேகம் பிடித்த உணர்வு மட்டும் வரும்.

சுருதியைத் தீர்மானிக்க வேண்டியவர் பாடகர், கிட்டார்காரர் அல்ல. கோரஸின் உச்ச சுரம் பாடகர் கத்தினால்தான் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், கத்தினாலும் எட்டாத இடத்தில் இருக்கக் கூடாது. கோரஸை மட்டும் வரிசையாகப் பத்து முறை பாடச் சொல்லுங்கள். பத்தாவது முறை குரல் கிழிந்தால் அரைச் சுரம் இறக்குங்கள். கிரீன் டே கிட்டார்களை அரைச் சுரம் இறக்கி வாசித்ததும் ஊரறிந்த விஷயம்தான், அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. இறக்கினால் கம்பியின் தடிமனை ஒரு படி கூட்டுங்கள். 10க்குப் பதில் 11. இல்லையென்றால் கம்பி தொளதொளத்து சுருதி ஆடும்.

டெமோவும் ஒத்திகையும்

மெட்ரோனோம் கிளிக் வைத்து ஒரு கிட்டார், ஒரு குரல் பதிவு செய்துகொள்ளுங்கள். இதுதான் எல்லோருக்கும் வழித்தடம். ஒத்திகையில் மூன்று விஷயம் மட்டும் எழுத்தில் முடிவாகட்டும்: எந்த இடத்தில் பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அடக்கி வாசிப்பது), எந்த இடத்தில் திறந்த கார்டு, எல்லோரும் சேர்ந்து நிறுத்தும் இடங்கள் எவை. இவை வாய்ப்பேச்சாக இருந்தால் ஸ்டுடியோவில் மணிக்கணக்கு வாடகை ஏறும்போது சண்டை வரும்.

டிரம்ஸ்

காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதை டிரம்ஸுக்கே செலவழியுங்கள். கிட்டார், பேஸ், குரல் மூன்றையும் வீட்டில் ஒப்பேற்றலாம். டிரம்ஸுக்கு நல்ல அறையும் பல மைக்கும் வேண்டும். ஒரு நாள் ஸ்டுடியோ எடுத்தால் ஒரு பாட்டுக்குத் தாராளம்.

போகும் முன் ஸ்னேர், டாம் என்ற டிரம்களின் தோல்களை மாற்றி ஒரு நாள் வாசித்துப் பழக்குங்கள். ஸ்னேரைக் கொஞ்சம் உயர்த்தி இறுக்கினால் அந்தத் துப்பாக்கி வெடிப்புச் சத்தம் கிடைக்கும். வேகமான டிரம்மர்கள் வழக்கமாகச் செய்வது சிம்பலை (உலோகத் தட்டு) அடித்து நொறுக்கி, டிரம்மை மெதுவாகத் தொடுவது. மேடையில் பார்க்க நன்றாக இருக்கும். பதிவிலோ எல்லா மைக்கிலும் சிம்பல் வழிந்து, பிறகு ஸ்னேரைத் தூக்கினால் சிம்பலும் கூடவே எழுந்து வரும். டிரம்மைப் பலமாக, சிம்பலை அடக்கமாக. இதை ஒத்திகையிலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

நிஜ டிரம்ஸுக்கு வழியே இல்லையென்றால் கணினி டிரம்ஸ் போடுங்கள், பாவமில்லை. ஆனால் ஒவ்வொரு அடியும் ஒரே பலத்தில் விழ வேண்டாம். மனிதனுக்கு இரண்டு கைதான் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஹை-ஹாட், கிராஷ் என்ற சிம்பல்கள், ஸ்னேர் மூன்றும் ஒரே நொடியில் விழுந்தால் டிரம்மர்கள் சிரிப்பார்கள். எடிட்டிங்கிலும் அளவு வேண்டும். தடுமாறிய ஃபில்களை (பகுதிகளுக்கு இடையே வரும் சிறு டிரம்ஸ் உருட்டல்) சரிசெய்யுங்கள், எல்லாவற்றையும் கணினியின் தாளக் கட்டத்தில் ஒட்டாதீர்கள்.

கிட்டார்

இந்த வகையின் அடையாளமே இங்கேதான் இருக்கிறது, ஆகையால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அகலமான அந்தச் சத்தம் ஒரே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழுக்க இடதுபக்கமும் மற்றதை முழுக்க வலதுபக்கமும் வைப்பதால் வருகிறது. ஒருமுறை வாசித்ததை நகலெடுத்து மறுபக்கம் ஒட்டினால் அது அகலமாகாது; இரண்டு பக்கமும் ஒரே சத்தம் என்பதால் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வாசிப்புக்கும் இடையே உள்ள மயிரிழை வித்தியாசம்தான் அகலம். முடிந்தால் இரண்டாவது வாசிப்புக்கு வேறு கிட்டாரோ வேறு ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) அமைப்போ பயன்படுத்துங்கள்.

வித்தியாசம் மயிரிழையாகவே இருக்க வேண்டும். ஒருவர் எல்லாவற்றையும் கீழ்நோக்கி அடித்து, இன்னொருவர் மேலும் கீழுமாக அடித்தால் தாளம் கலங்கிவிடும். ராமோன்ஸின் கிட்டார்காரர் ஜானி ராமோன் எல்லாவற்றையும் கீழடியிலேயே வாசித்தவர் என்பது பிரபலமான விஷயம். அந்த இயந்திர முறுக்கு அதிலிருந்துதான் வந்தது. 180 வேகத்தில் பாட்டு முழுக்கக் கீழடி வாசிக்க எல்லோர் மணிக்கட்டுக்கும் தெம்பு இருக்காது. பாம் மியூட் சரணங்களில் மட்டும் கீழடி, திறந்த கோரஸில் மேலும் கீழும் என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டு வாசிப்பிலும் அதே திட்டம் இருந்தால் போதும். இரண்டையும் ஒரே ஆள் வாசிப்பது பெரும்பாலும் நல்ல முடிவு. பேண்டில் இன்னொரு கிட்டார்காரர் கோபித்துக்கொண்டால் லீட் (தனி மெட்டு வாசிக்கும்) பகுதியை அவருக்குக் கொடுங்கள்.

கெய்ன் (டிஸ்டார்ஷனின் அளவு) விஷயத்தில் எல்லோருக்கும் கை நீளம். தனியாகக் கேட்கும்போது ‘ஆஹா’ என்று தோன்றும் அளவுக்கு டிஸ்டார்ஷன் வைத்து, பிறகு அதிலிருந்து கால்வாசியைக் குறையுங்கள். இரண்டு கிட்டார் சேரும்போது அது தானாகவே தடிக்கும். குறைக்கவில்லை என்றால் கார்டு எது, அடி எது என்று தெரியாத ஒரே இரைச்சல். ஆம்ப் இருந்தால் ஸ்பீக்கரின் நடுக்குமிழும் கூம்பும் சேரும் விளிம்புக்கு நேராக ஒரு ஷ்யூர் எஸ்எம்57 மைக் வைப்பது பழைய, நம்பகமான வழி. அங்கிருந்து மையத்தை நோக்கி நகர்த்தினால் கூர்மை கூடும், வெளியே நகர்த்தினால் மழுங்கும். ஆம்ப் இல்லையா, ஆடியோ இன்டர்ஃபேஸில் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) நேராகச் செருகி ஆம்ப் சிமுலேட்டரைப் (ஆம்பைப் போல ஒலிக்கும் மென்பொருள்) பயன்படுத்துங்கள். எந்த வழியானாலும் கிட்டாரின் சுத்த சிக்னலையும் தனி டிராக்கில் பிடித்து வையுங்கள். பின்னால் டோன் பிடிக்கவில்லையென்றால் மறுபடி வாசிக்காமலே டோனை மாற்றலாம்.

டியூனிங்கில் ஒரு நுணுக்கம். கம்பியை மெதுவாகத் தட்டி டியூன் செய்துவிட்டு, பதிவில் ஓங்கி அடித்தால் சுருதி சற்று மேலே ஏறும். எவ்வளவு பலமாக வாசிக்கப் போகிறீர்களோ அவ்வளவு பலமாக அடித்தே டியூன் செய்யுங்கள், ஒவ்வொரு டேக்குக்கும் (பதிவு முயற்சி) முன்னால். இடதுகை அழுத்தம் கூடினாலும் இதே சிக்கல்தான். புதுக் கம்பி கட்டாயம்.

சரணத்தில் இடதுபக்கக் கிட்டார் மட்டும் பாம் மியூட்டில் ஓடி, கோரஸ் முதல் அடியில் வலதுபக்கமும் சேர்ந்து திறந்தால் ஒலியைக் கூட்டாமலே கோரஸ் பெரிதாகத் தோன்றும். அதற்கு மேல் ஒரு ஆக்டேவ் லீட் (ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து வாசிக்கும் மெட்டு) போதும். ஆறு, எட்டு என்று கிட்டார் அடுக்குவது பாட்டைப் பெரிதாக்காது, மங்கலாக்கும்.

பேஸ்

பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) வைத்து வாசியுங்கள். சற்றே டிஸ்டார்ஷன் சேர்த்தால் ஃபோன் ஸ்பீக்கரிலும் பேஸ் கேட்கும். கிக் டிரம்மோடு (காலால் மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்) ஒட்டி ஓடட்டும். சரணத்தில் கிட்டார் அடங்கும் இடங்களில் பேஸுக்கு ஒரு சிறு மெட்டு கொடுத்தால் நீங்கள் பிளிங்க்-182ஐக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள் என்று தெரியும்.

குரல்

குரலைக் கடைசி நாள், கடைசி மணி நேரம் என்று தள்ளாதீர்கள். தொண்டை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. முதலில் சரணங்கள், குரல் சூடானதும் கோரஸ், ஓங்கிக் கத்த வேண்டியவை எல்லாவற்றுக்கும் கடைசியில். முழுப் பாட்டாக நாலைந்து டேக் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் சிறந்ததைப் பொறுக்கிச் சேருங்கள். பொறுக்கும்போது சுருதி சுத்தமான வரியைவிட நம்பும்படியான வரிக்கு முன்னுரிமை. சுருதியைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம், நம்பிக்கையைத் திருத்த பிளக்-இன் கிடையாது.

கோரஸை இரண்டு முறை பாடி அடுக்குங்கள். ஹார்மனி (கூடவே ஒலிக்கும் இரண்டாம் குரல்) மெயின் மெட்டுக்கு மூன்றாம் சுரம் மேலே. கடைசிக் கோரஸுக்கு மட்டும் வைத்திருந்தால் அதன் மதிப்பு கூடும். கூட்டக் குரலுக்கு நண்பர்களை அழையுங்கள். நாலைந்து பேரை மைக்கிலிருந்து சில அடி தள்ளி நிறுத்தி, நாலைந்து முறை பதிவு செய்து, ஒவ்வொரு முறையும் இடம் மாறி நிற்கச் சொன்னால் இருபது பேர் கத்துவது போலிருக்கும். நன்றாகப் பாடுகிறவர்கள்தான் வேண்டும் என்றில்லை. கொஞ்சம் கர்ணகடூரமான ஒருவர் உள்ளே இருப்பது நல்லதே.

அமெரிக்க மூக்குக்குரலைப் போலி செய்யும் ஆசை பலருக்கு வரும். அந்த உச்சரிப்பு கலிஃபோர்னியாப் பையன்களுக்குப் பிறப்பிலேயே வந்தது. உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பாடுங்கள்.

மிக்ஸிங், மாஸ்டரிங்

பிடித்த ஒரு பாட்டை உங்கள் மிக்ஸின் ஒலி அளவுக்கே இறக்கி வைத்து, மாற்றி மாற்றிக் கேளுங்கள். கிட்டாரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள், அந்த இடம் பேஸுக்கும் கிக்குக்கும். குரலுக்கு எதிரொலி குறைவாகவே இருக்கட்டும். ஃபோனில், காரில், மலிவான இயர்ஃபோனில் கேட்டு வார்த்தை புரிகிறதா என்று பாருங்கள். ‘எனிமா’ ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர் டாம் லார்ட்-ஆல்ஜி, அதாவது பேண்டும் தயாரிப்பாளரும் இல்லாத மூன்றாவது ஆள். கையில் கொஞ்சம் பணம் மீந்தால் நீங்களும் புதுக் காது ஒன்றை அமர்த்துங்கள்.

மாஸ்டரிங்குக்கு (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) 24 பிட் வேவ் ஃபைல் கொடுங்கள், மாஸ்டர் சேனலில் லிமிட்டர் (உச்ச ஒலியை மட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் பாட்டுகளை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன் செய்து ஒலிபரப்புகிறது. இந்த வகைப் பாட்டுகள் அதைவிடச் சத்தமாகவே மாஸ்டர் செய்யப்படுகின்றன, தவறில்லை. ஆனால் சத்தத்துக்காக ஸ்னேரை நசுக்கினால் அங்கே சமன் செய்த பிறகு நசுங்கிய ஸ்னேர் மட்டும்தான் மிஞ்சும். குரலில்லாத வடிவம் ஒன்றையும், கெட்ட வார்த்தை இருந்தால் அது நீக்கிய வடிவம் ஒன்றையும் அன்றைக்கே வாங்கி வையுங்கள்.

காகித வேலை

யாருக்கும் பிடிக்காத பகுதி, ஆனால் தவிர்க்கக் கூடாதது. வரி யார், மெட்டு யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு வெளிவரும் முன், எல்லோரும் நண்பர்களாக இருக்கும்போதே.

மெட்டு எதையாவது நினைவுபடுத்துகிறதா என்றும் நாலு பேரிடம் போட்டுக் காட்டுங்கள். ஒலிவியா ரோட்ரிகோவின் ‘குட் ஃபோர் யூ’ 2021 மே மாதம் வெளிவந்தது. அது பாராமோரின் ‘மிஸரி பிசினஸ்’ போல இருக்கிறது என்று ரசிகர்கள் பேசத் தொடங்க, அதே ஆண்டு ஆகஸ்டில் ‘மிஸரி பிசினஸ்’ எழுதிய ஹேலி வில்லியம்ஸ், ஜோஷ் ஃபாரோ இருவரின் பெயரும் பாட்டெழுதியவர் பட்டியலில் சேர்ந்தது. பெரிய நிறுவனம் பின்னால் இருந்தால் இதைச் சமாளிக்கலாம்.

பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் உங்களுக்கு வரவேண்டிய ராயல்டியை வசூலிப்பது தனி அமைப்பு. இந்தியாவில் ஐபிஆர்எஸ், கனடாவில் சோகேன், பிரிட்டனில் பிஆர்எஸ், சிங்கப்பூரில் காம்பஸ். நீங்கள் வாழும் நாட்டில் உறுப்பினராகி பாட்டைப் பதியுங்கள். ஸ்ட்ரீமிங்கில் விநியோகஸ்தர் (உங்கள் பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றும் நிறுவனம்) வழியாக வருவது ஒலிப்பதிவுக்கான பணம், இது பாட்டுக்கான பணம்.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு உண்டு. விநியோகஸ்தரே தருவார். அதைக் குறித்து வையுங்கள். பின்னால் வேறு விநியோகஸ்தருக்கு மாறினால் அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் பழைய ஸ்ட்ரீம் கணக்கு தொடரும்.

வெளியீட்டு நாட்காட்டி

முதலில் விநியோகஸ்தர். டிஸ்ட்ரோகிட்டுக்கு ஆண்டுச் சந்தா. சந்தா நின்றால், கூடுதல் கட்டணம் கட்டி வைத்திருந்தாலொழிய, பாட்டு இறங்கிவிடும். சிடி பேபி ஒரு வெளியீட்டுக்கு ஒரு முறை கட்டணம் வாங்குகிறது. ஆண்டுக்கு ஒரு பாட்டுதான் என்றால் இரண்டாவது வகை, அடிக்கடி வெளியிடுவதாக இருந்தால் முதல் வகை.

வெளியீட்டு நாளுக்கு நாலு வாரம் முன்பே பாட்டை ஏற்றிவிடுங்கள். கவர் படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். அதில் இணைய முகவரி, சமூக ஊடகப் பெயர் எதுவும் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாட்டு சரியான கலைஞர் பக்கத்தில் போய் உட்காருகிறதா என்று பாருங்கள், இதே பெயரில் இன்னொரு பேண்டு இருந்தால் குழப்பம் நடக்கும். வரிகளை மியூசிக்ஸ்மேட்ச் என்ற பாடல்வரித் தளத்தில் ஏற்றுங்கள்.

பிறகு ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் பக்கத்தில் அவர்களுடைய பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு விண்ணப்பம். வெளிவராத பாட்டுக்கு மட்டும்தான் இது முடியும். குறைந்தது ஏழு நாள் முன்னால் அனுப்பினால், ஆசிரியர்கள் கண்டுகொள்ளாவிட்டாலும் உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப் பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டு வரும். நான் மூன்று வாரம் முன்பே அனுப்பச் சொல்வேன். விவரக் குறிப்பில் ‘எங்கள் கனவு’ என்றெல்லாம் உருகாமல் எந்த ஊர், எந்த வகை, எதைப் பற்றிய பாட்டு, எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்று நாலு வரியில் சொல்லுங்கள்.

2015 ஜூலையிலிருந்து உலகெங்கும் புதுப் பாட்டுகள் வெள்ளிக்கிழமை வெளிவருவது வழக்கமாகிவிட்டது. பெரிய பேண்டுகளோடு மோத வேண்டாம் என்று செவ்வாய், புதன் வெளியிடுகிறவர்களும் உண்டு. உங்களுக்கு ஒரு கச்சேரி இருந்தால் அந்த நாளையொட்டி வெளியிடுங்கள், கிழமையைவிட அது முக்கியம்.

பணம் கொடுத்தால் ஒரு லட்சம் ஸ்ட்ரீம் என்று மெசேஜ் வரும். தொடவே தொடாதீர்கள். போலி ஸ்ட்ரீம் கண்டுபிடிக்கப்பட்டால் ஸ்பாட்டிஃபை விநியோகஸ்தருக்கு அபராதம் போடுகிறது, அவர் அதை உங்கள் தலையில் கட்டுவார், பாட்டும் இறக்கப்படலாம்.

வெளிவந்த பிறகு

ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் அது ஒரு ஸ்ட்ரீம். 2024 முதல் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1000 ஸ்ட்ரீமாவது தொட்டிருந்தால்தான் அங்கே ஒலிப்பதிவு ராயல்டி கணக்கில் வரும். எண்ணிக்கையைவிட எத்தனை பேர் பாட்டைச் சேமித்தார்கள் என்று பாருங்கள். திரும்பக் கேட்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

பாட்டை நேரடியாக விற்கும் பாண்ட்கேம்ப் தளத்திலும் கட்டாயம் போடுங்கள். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம்தான் எடுத்துக்கொள்கிறார்கள், வாங்கியவரின் மின்னஞ்சலும் உங்களுக்குக் கிடைக்கலாம். நூறு பேர் காசு கொடுத்து வாங்கினால் பல ஆயிரம் ஸ்ட்ரீமைவிட அதிகம் கையில் நிற்கும். பங்க் மரபுப்படி 7 அங்குல வினைல் போடும் ஆசை இருந்தால் ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம் வரை நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் நன்றாக வரும். பாப் பங்க் பாட்டுக்கென்றே அளந்து செய்த மாதிரி. அச்சகம் சில மாதம் எடுக்கும் என்பதால் டிஜிட்டல் தேதியோடு முடிச்சுப் போடாதீர்கள். செலவைப் பங்குபோட இன்னொரு பேண்டைச் சேர்த்து ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிளிட் என்று பங்க்கில் நெடுநாளாக இருக்கும் வழக்கம்தான் அது.

வீடியோவுக்குப் பெரிய செலவு வேண்டாம். ஒத்திகை அறையில் எடுத்த நேரடி வாசிப்பு, இரண்டு வாரம் கழித்து அக்கூஸ்டிக் வடிவம் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் ஒரு பாட்டைப் பற்றி ஒன்றரை மாதம் பேசிக்கொண்டிருக்கலாம். முதல் ஸ்ட்ரீமிங் பணம் வந்து சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். வந்ததும் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து அதன்படி பிரித்துக் கொடுத்துவிடுங்கள், தொகை ஒரு டீச்செலவுக்கே போதுமென்றாலும்.